பதினோரு வினாடி ஆடு

பெற்ற பிள்ளைக்காக நான் நாலு காலில் நடந்திருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. சாட்சி இருக்கிறது, பதினோரு வினாடி ஓடும், சத்தத்தோடு.

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் எடைத் தராசு விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பௌதிகம் படித்தவன் (யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்). எந்தத் தராசு சரி என்று தெரியாவிட்டால் ஒரே படிக்கல்லை இரண்டிலும் வைத்துப் பார்ப்போம். இந்த நல்ல பழக்கம்தான் என் மானத்தை வாங்கியது.

மகள் தாரணி கார்ட்டூன் படம் செய்கிற படிப்பை மதுரையில் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சென்னையில் ஒரு கார்ட்டூன் கம்பெனி அவளுக்கு ஒரு தேர்வு வைத்தது. ஓர் ஆடு தண்ணீர் குடிக்கக் கண்மாய்க்கு நடந்து வருகிறது. கண்மாய் வறண்டு கிடக்கிறது. ஆடு திரும்பிப் போகிறது. அவ்வளவுதான் கதை. (எங்கள் பக்கத்து ஆட்டுக்கு இது கதையே இல்லை, தினசரி வேலை.) இருபது வினாடிப் படமாகச் செய்து அனுப்ப வேண்டும்.

என் மைத்துனன் சேகர், அதாவது தாரணியின் தாய்மாமன், அவளுக்கு வங்கித் தேர்வுப் பயிற்சியில் இடம் பிடித்து வைத்திருந்தான். கார்ட்டூன் தேர்வில் தேறாவிட்டால் அங்கே போவதென்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. பொம்மை போட்டுச் சோறு தின்ன முடியுமா மச்சான் என்று நாலு பேர் முன்னால் கேட்டான். அவ தேறுவா, இருந்து பாரு மாப்ள என்று நானும் நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்காமல் இருந்தது எனக்குத்தான்.

கம்பெனி இரண்டு மென்பொருள்களைச் சொல்லி, எதில் வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்தது. இரண்டும் தொழில்காரர்கள் பயன்படுத்துபவை. சில நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கவும் விட்டார்கள். முதலாவதில் ஒவ்வோர் அசைவையும் கையால் வரைய வேண்டும். ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு ஆடு. இரண்டாவதில் ஓர் ஆட்டை வரைந்து, கால்களைத் துண்டு துண்டாக்கி மூட்டு வைத்துவிட்டால், பொம்மலாட்டம் போல ஆட்டிக்கொள்ளலாம். தாரணி முதலாவது என்றாள். நான் இரண்டாவது என்றேன்.

"ஒரு ஆடு போதும்கையில எதுக்கும்மா எரநூத்திச் சொச்சம் ஆடு?"

"மூட்டு வச்ச ஆடு மூட்டு வச்ச மாதிரித்தான்ப்பா நடக்கும்."

நான் விடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு வெளிநாட்டுக்காரர்கள் பேசுகிற வீடியோக்களை ஒரு வாரம் பார்த்தேன். பாதி புரிந்தது, அந்தப் பாதியை வைத்து முழுத் தீர்ப்பு சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்காமல் முதலாவதிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

ஆடு நடப்பதைப் பார்த்து வரைய எம்.ரெட்டியபட்டிக்குப் போய் ஓர் ஆட்டைப் படம் பிடித்தோம். நேராக நடக்கச் சொன்னால் செல்போனை நக்க வந்தது. பிள்ளை முகம் வாடியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நரிக்குடி ஆட்டு வியாபாரிகள் என்னிடம்தான் தராசு வாங்குகிறார்கள். தட்டில் ஏறி இறங்குகிற ஆட்டை வாழ்க்கை முழுக்கப் பார்த்தவன். நானே நடந்து காட்டுகிறேன் என்றேன்.

வீட்டுக் கூடத்தில், லுங்கியும் பனியனும் இடுப்பு வலிக்குக் கட்டுகிற பெல்ட்டுமாக, நாலு காலில் நின்றேன். என் மனைவி சுகந்தி செல்போனைப் பிடித்தாள். "பின்னங்கால் எடது, முன்னங்கால் எடது, பின்னங்கால் வலது..." என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன். சுவர் வந்ததும் வறண்ட கண்மாயைப் பார்த்தது போல ஒரு பார்வை பார்த்துத் திரும்பினேன்.

"லுங்கியப் பிடிங்க, லுங்கியப் பிடிங்க" என்றாள் சுகந்தி.

நாலு காலில் நடக்கிறவன் எந்தக் கையால் பிடிப்பது?

தாரணி அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் அடித்தாளாக வைத்து, அதன் மேல் ஆட்டை வரைந்தாள். முடித்ததும் அடித்தாளை மறைத்தாள். திரையில் ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தாள் மட்டும் தெரியாது.

அனுப்ப வேண்டிய நாள் அன்று ஒன்பது மணிக்குப் பராமரிப்பு மின்தடை. தாரணி எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எனக்குக் கை அரித்தது. ஒரே படிக்கல், இரண்டு தராசு. அவள் கோப்பை அந்த இரண்டாவது மென்பொருளில் திறந்தேன். ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். திரையில் முதல் படம் வந்தது: காலி மைதானம், ஓரத்தில் ஆட்டின் மூக்கு. நிறம் பளிச்சென்று இருந்தது. எனக்கு அதுவே போதும், ஓட்டிப் பார்க்கவில்லை. அங்கிருந்தே படத்தை எடுத்து, அவள் வைத்திருந்த இடத்தில், அவள் வைத்திருந்த பெயரிலேயே போட்டேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஈரத் தலையோடு ஓடி வந்தவள் அதை அப்படியே அனுப்பினாள். கரண்டு போனது. நான் நிம்மதியாக இட்லி சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்காரர்கள் வீடியோ அழைப்பில் வந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று டிவியில் இணைக்கச் சொன்னதும் நான்தான். சேகரும் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கம்பெனி அம்மாள் படத்தை ஓடவிட்டார்.

ஆடு நடந்தது. ஆட்டுக்கு அடியில், ஆவி போல, நானும் நடந்தேன். அவள் மறைத்த அடித்தாளை இரண்டாவது மென்பொருள் மறைக்கவில்லை. லுங்கி, பனியன், பெல்ட். "பின்னங்கால் எடது" என்று என் குரல் நாற்பத்து மூன்று அங்குல டிவியில் முழங்கியது. கண்மாய் வந்தது. ஆடு திரும்பியது. நானும் திரும்பினேன், திரை முழுக்க நான் திரும்பியிருந்த பக்கம் மட்டும் தெரிந்தது. "லுங்கியப் பிடிங்க."

"மச்சான், இது நீங்கதான?" என்றான் சேகர், சாகும்வரை மறக்க மாட்டேன் என்கிற குரலில்.

தாரணி என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா அது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

தெரியாத ஆள் என்று அவள் சொல்லியிருக்கலாம். "எங்க அப்பா" என்றாள்.

நான் எழுந்து கேமரா முன்னால் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வேறு வந்தது. "ஆடு எப்படி நடக்கும்னு புள்ள கேட்டுச்சு, நடந்து காட்டுனேன். ரெண்டு சாப்ட்வேர்லயும் போட்டுப் பாத்து அதக் கெடுத்ததும் நான்தான். என்னயப் பாக்காதீக. ஆட்டப் பாத்துச் சொல்லுங்க, குறை இருந்தா."

அவர் சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். பிறகு தாரணியிடம், "அப்பா மொதல்ல தலையத் திருப்பி, நின்னு, அப்புறம் மெதுவா ஒடம்பத் திருப்புறாரு. உங்க ஆடு டக்குனு திரும்புது. அவரப் பாத்துத்தான வரைஞ்சீங்க?" என்றார்.

"நடைய மட்டும் பாத்து வரஞ்சேன் மேடம். ஆடு அப்படித் திரும்பாது. அவருக்கு இடுப்பு வலி."

அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், மூலப் படத்தைச் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். அதன் மேல்தானே நான் என் படத்தைப் போட்டு அழித்திருந்தேன். தாரணி பென்டிரைவை எடுத்தாள். "நீங்க தொடுவீகன்னு தெரியும்ப்பா."

அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சேகர் பிடித்த இடத்துக்கு அவன் மகனே போகிறான். அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களின் பயிற்சிக்கு என் பதினோரு வினாடியைத்தான் கொடுக்கிறார்களாம். இதுவரை கன்றுக்குட்டியாகவும் ஒரு முறை நரியாகவும் ஆகியிருக்கிறேன். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்காரக் குனிந்தாலும் பின்னாலிருந்து சேகர், "மச்சான், லுங்கி" என்கிறான். வேட்டிதான் கட்டியிருப்பேன். இருந்தும் கை போய்விடுகிறது.

ஆனால் ஒன்று. இரண்டாவது மென்பொருள்தான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன். முதலாவது என்னை மறைத்தது. தட்டில் இருப்பதை மறைக்கிற தராசை என் கடையில் நான் விற்பதில்லை.

போன வாரம் தாரணி போன் செய்தாள். "அப்பா, கழுத எப்படிப்பா நடக்கும்?"

கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"பேண்டு போட்டுக்கங்கப்பா" என்றாள்.