மாத்திரையைக் கடித்துத் தின்றால் என்ன ஆகும்?

அயோவா,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி டெல்மருக்கு, அண்ணன் ஆர்லன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி மார்லிஸும் நலம், பன்றிகளும் நலம். உன் முதுகுவலியும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதவும்.

நம் பெண் கிர்ஸ்டன் டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்து மருந்தியல் துறையில் ஆராய்ச்சி செய்து வாங்குகிற டாக்டர். இத்தனை வருஷமாக அவள் கட்டிக்கொண்டு அழுதது ஒரு மாத்திரையை. காலையில் விழுங்கினால் குடலுக்குள் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ராத்திரிவரை வேலை செய்யுமாம். போன வெள்ளிக்கிழமை அதைப் பேராசிரியர்கள் முன் நின்று விளக்க வேண்டியிருந்தது, அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். பெற்றவர்களும் வரலாம் என்றாள். "அப்பா, நீங்க வாயத் திறக்காம இருந்தா போதும்" என்றும் சொன்னாள். போய் உட்கார்ந்தேன். அவள் பேசியதில் முதலில் சொன்ன வணக்கமும் கடைசியில் சொன்ன நன்றியும்தான் எனக்குப் புரிந்தது.

முடிந்ததும் துறைத் தலைவர், "வந்திருக்கறவங்க யாராவது கேள்வி கேக்கணுமா?" என்று கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. மரியாதைக்காவது ஒன்று கேட்க வேண்டாமா? எழுந்து, "நான் எந்த மாத்திரையையும் கடிச்சுத்தான் திங்கறது. இதையும் கடிச்சா என்னங்க ஆகும்?" என்றேன். மார்லிஸ் என் தொடையைக் கிள்ளினாள். அவ்வளவுதான், மருந்தை உருவாக்குகிற பேராசிரியர், "மருந்தச் செஞ்சு குடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது, மாத்திரைக்கு அவரக் கேளுங்க" என்று பக்கத்து நாற்காலியைக் காட்ட, அதில் இருந்த, அந்த மருந்தை மாத்திரையாக்குகிறவர் முகம் சிவந்து, "மாத்திரைய எவன்யா கடிப்பான்?" என்க, மருந்து ரத்தத்தில் எப்படி ஏறுகிறது என்று அளக்கிற அம்மாள், "கடிச்சா நாள் முழுக்க ஏற வேண்டியது ஒரே மூச்சுல ஏறிடும், ஆள் காலி" என்க, ஜனங்கள் மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாக விசாரிக்கிற ஆள், "பெரியவங்க பாதிப் பேர் கடிக்கத்தான் செய்யறாங்க. நான் சொன்னத இந்தத் துறையில யாரு காதுல போட்டுக்கிட்டீங்க?" என்று மேசையைத் தட்டினார். அடுத்தடுத்த அறையில் இருப்பவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. அந்தச் சண்டையில் நேரமாகிவிட, கிர்ஸ்டனை ஒரு கேள்வியும் கேட்காமல், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறோம் என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

பட்டம் என் கேள்வியால்தான் கிடைத்தது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. போகட்டும். பன்றி லாரி ஓட்டினவன் மகள் அந்த மேடையில் நின்றதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, டெல்மர். சனிக்கிழமை சர்ச்சின் கீழ்க்கூடத்தில் விருந்து. பன்றித்தொடை நீ சுட்டு எடுத்து வா, பெரியதாக. கர்த்தர் உன் வீட்டையும் உன் சோளத்தையும் காப்பாராக.

உன் அண்ணன்
ஆர்லன்

பி.கு.: இன்று திங்கள். பன்றித்தொடை வேண்டாம். சண்டை போட்ட நாலு பேரும் ஒன்றுகூடிவிட்டார்களாம். கடித்தால் என்ன ஆகும் என்று கிர்ஸ்டன் புதிதாக ஆராய்ச்சி செய்து காட்டினால்தான் கையெழுத்தாம், இன்னும் ஒரு வருஷம் பிடிக்குமாம். என்னோடு அவள் பேசுவதில்லை. மார்லிஸுக்குப் போன் போட்டு, "கடிச்சுப் பாக்க ஒரு ஆள் வேணும், அப்பாவ அனுப்பு" என்று மட்டும் சொன்னாளாம்.