தங்காதவர்களின் கையெழுத்து

எங்கள் கடற்கரை ஊர் முன்னேறியே தீர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்ததால் புதிய நெடுஞ்சாலை வந்தது. முன்பெல்லாம் நகரத்துக்காரர்கள் ஆறு மணி நேரம் குலுங்கிக் குலுங்கி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வேறு வழியில்லாமல் இரண்டு நாள் தங்குவார்கள். அந்தக் குழிகளை நம்பித்தான் என் அண்ணி ஆறு அறை லாட்ஜ் நடத்திவந்தார். இப்போது சாலை வழுவழுவென்று ஆகிவிட்டது. ஊரை நாலே நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதம் சுற்றுலா அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

"ஊர் எல்லைக் கம்பத்தில் பொருத்தப்பட்டுள்ள கேமராவின்படி, தங்கள் ஊருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் பயணிகள் வருகை தருகின்றனர். ஊரில் உள்ள விடுதி தங்களுடையது ஒன்றே. ஆகவே, ஆறு அறைகளில் பன்னிரண்டாயிரம் பேரை அடைத்து வைத்திருப்பது ஏன் என்று விளக்கவும். தவறினால் விடுதி பூட்டி முத்திரையிடப்படும்."

"அறைக்கு ரெண்டாயிரம் பேர்" என்றார் அண்ணி. "துண்டுகூடப் பத்தாதே தம்பி."

சிரிக்க முடியவில்லை. அண்ணன் போனபிறகு அந்த லாட்ஜ்தான் அண்ணிக்குச் சோறு. அலறியடித்துக்கொண்டு அதிகாரிக்கு போன் போட்டோம். நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டார். சாலை அப்படி. ஆறு கதவுகளையும் திறந்து காட்டினோம்.

"யாருமே இல்லையே சார்."

"கடலுக்குப் போயிருப்பாங்க."

கடற்கரைக்கு அழைத்துப் போனோம். ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"இப்பதான் ரூமுக்குத் திரும்பியிருப்பாங்க" என்றார் அதிகாரி.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் நிக்காமலே போயிடறாங்க சார். யாரும் தங்கறதில்ல."

"அதை வாயால சொன்னா எப்படிம்மா? தங்காதவங்ககிட்ட, தங்கலைன்னு எழுதி வாங்குங்க. பன்னிரண்டாயிரம் வேணாம், வாரத்துக்கு ஆயிரம் கையெழுத்து போதும். உங்க லைசென்சுக்கு நான் பொறுப்பு."

நல்ல மனிதர். மாதிரிப் படிவத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் முதல் நானும் அண்ணியும் நோட்டும் பேனாவுமாகச் சாலையோரம் நின்றோம். கை காட்டினால் வண்டிகள் நின்றன. எதற்கென்று கேட்காமலே ஜனங்கள் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு நிமிர்ந்தவர்கள், "அட, இங்க கடல் இருக்கா?" என்றார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார்கள்.

வாரத்தின் கடைசி நாள். காரிலிருந்து இறங்கிய ஒரு கணவனும் மனைவியும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் என்னிடம், "இங்க ரூம் கிடைக்குமா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டு நான்கு மாதமாகியிருந்தது. சாவி எடுக்க ஓடினேன். அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு ஆயிருக்கு. இன்னும் ரெண்டுதான்."

"அவங்க தங்கறேன்னு சொல்றாங்க அண்ணி."

"லைசென்ஸ் போயிட்டா எங்க தங்குவாங்க?"

அண்ணி அவர்களிடம் நோட்டை நீட்டினார். "ரூம் தாராளமா இருக்குங்க. தங்கலைன்னு ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

போட்டார்கள். கிளம்பினார்கள். லைசென்ஸ் தப்பியது.

அடுத்த வாரத்திலிருந்து அறை கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வெயிலில் நிற்கும் வேலை எங்களுக்கு மிச்சம். உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம். முந்தாநாள் அந்த அதிகாரியே பெட்டி, குழந்தைகளோடு வந்து அறை கேட்டார். அவரும் போட்டார், பச்சை மையில்.