கதவைச் சாத்தி நான் காட்டிய கருமேகம்

படித்ததை எங்கே வாய் திறந்து சொல்லக்கூடாது என்பதை மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தருவதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் காபியை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். (போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு எதிரே தக்காளி மண்டி. காலை முழுவதும் ஒலிபெருக்கியில் ஏலம். அதனால் எங்கள் குடும்பத்தில் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வோம். நல்ல நேரமும் ஏல நேரமும் அன்று ஒன்றாக வந்து தொலைந்தன.

மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஆராய்ச்சியை முடிக்கலாம் என்று போனிலேயே சொல்லியிருந்தார். அதற்கு முன் வந்தவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததுமே செருப்பைத் தேடியவர்கள். அதனால் இந்த இடம் அமைய வேண்டுமென்று மனசார ஆசைப்பட்டேன்.

அவருடைய மாமா கேட்டார்: "அப்படி என்னம்மா ஆராய்ச்சி?"

"வானம் பூரா மங்கலா எக்ஸ்ரே பரவிக் கெடக்குதுங்க. அது பக்கத்துல இருந்து வருதா, தூரத்துல இருந்து வருதான்னு பாக்கறேனுங்க."

"அதெப்படிம்மா தெரியும்?"

அவ்வளவுதான், எனக்குள்ளிருந்த மேதை விழித்துக்கொண்டாள். தெருக்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன்.

"நட்சத்திரங்களுக்கு நடுவுல கருமேகம் இருக்குதுங்க. பின்னால இருந்து வர்றத அது மறைச்சிரும். அப்பவும் மிச்சம் ஏதாச்சும் வந்தா, அது மேகத்துக்கு இந்தப் பக்கம் இருந்து வர்றது. இந்தக் கதவுதான் மேகம்னு வெச்சுக்கங்க. ஏலச்சத்தம் நின்னுருச்சுங்களா? இனிமே கேக்கறது எல்லாம் நம்ம வூட்டுக்குள்ள..."

சமையலறையில் என் அத்தை, ஏலத்தை மிஞ்சும் குரலில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"மாப்ளைக்கு முன்மண்டை காலி. அவங்கம்மா மூஞ்சியப் பாத்தாலே சண்டைக்காரின்னு தெரியுது. இருந்தாலும் இவள அவங்க தலையில கட்டி வுட்ரலாம் அண்ணி! இவளுக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாதுங்கறத தாலி ஏறுன பொறவு அவங்களே தெரிஞ்சுக்கட்டும்!"

மாமா சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். "தெளிவாப் புரிஞ்சுதும்மா" என்றார். என் ஆராய்ச்சியை ஒரே தடவையில் புரிந்துகொண்டவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். (என் பேராசிரியரையும் சேர்த்தே சொல்கிறேன்.)

"வூட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிறகு ஆராய்ச்சியை எப்படியோ முடித்து, பட்டமும் வாங்கிவிட்டேன். விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள், "இத்தனை வருஷம் படிச்சு இவ என்னத்தக் கண்டுபிடிச்சா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்காக முதல் ஆளாகப் பாய்ந்து வருவது அத்தைதான்.

"ஏன், என்னையக் கண்டுபிடிச்சாளே!"