சர்வேயர் நிழல் அளந்த படலம்

மடக்கு நாற்காலியின் நான்கு கால்களே, இக்காதை முடியும்வரை முடங்காது நின்று காத்தருள்க.

வாழ்க எம் தலைவன். வரப்புத் தகராறு கண்டு வெருளாத வன்னெஞ்சன். சங்கிலி இழுத்துத் தழும்பேறிய தடக்கையன். இருபத்தாறு ஆண்டுகளாக எண்ணற்ற அண்ணன் தம்பிகளுக்கு நடுவே எல்லைக்கல் நட்டு, அவர்களை என்றென்றைக்கும் பேசவிடாமல் செய்த பெருமகன். முன்னால் 'சர்வேயர்' என்றும் பின்னால் 'முக்கால் அடி' என்றும் ஊரார் வழங்கும் இருபெயர்ச் சீரினன். சொந்த வீட்டுக் கட்டிலிலேயே நடுக்கோடு போட்டவன் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நாம் நம்ப வேண்டாம், மறந்துவிடவும் வேண்டாம்.

அத்தகையோன், அடுப்படியையும் படுக்கையறையையும் கழிவறையையும் முதுகிலே சுமந்து ஆமையென அசைந்துவரும் கேரவன் என்னும் வாடகைத் தேரேறி ஏரிக்கரைக்கு வந்த நோக்கம் ஒன்றே. மருத்துவமனையில் விடுப்பின்றி உழைத்து, நின்ற நிலையிலேயே கண்ணயரும் அருங்கலை கற்ற நர்ஸாகிய தன் இல்லாளிடம், "மத்தியானம் சாப்பிட்டதும் நிழல்ல கட்டில் போட்டுத் தர்றேன், ஒருத்தரும் உன்னை எழுப்பமாட்டாங்க" என்று அவன் வாக்களித்திருந்தான். கல்யாணமான நாள்தொட்டுக் கேட்ட வாக்குகளில் இந்த ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அவளும் வண்டியேறியிருந்தாள். உறங்க நிழலே கதி, ஏனெனில் வெயில் ஏறினால் கேரவனின் உள்ளே உலைக்களம். வெளியிலோ அந்தக் கரை முழுமைக்கும் ஒரே ஒரு மரம்.

காலை எட்டு மணி. மேற்கே கம்பளம் விரித்தாற்போல் அம்மரம் தன் நிழலை நீட்டிக் கிடந்தது. கண்டான் தலைவன், சிலிர்த்தன தோள்கள், உருவினான் இடுப்பிலிருந்து அளவு நாடாவை. குனிந்தும் நிமிர்ந்தும், ஒற்றைக் கண்ணை மூடியும் திறந்தும், நிழலின் ஓரம் நெளிந்த இடமெல்லாம் தானும் நெளிந்து, கூடார முளைகள் பதினான்கை அடித்து, நீலநிற நைலான் கயிற்றை வீணைத் தந்தியென இழுத்துக் கட்டி, இலை நிழல் ஒன்றுகூட வெளியே சிந்தாதபடி கோட்டையை எழுப்பினான். கேரவன் தேர்ப்படை, தண்ணீர் கேன் யானைப்படை, மடக்கு நாற்காலி இரண்டும் குதிரைப்படை, கட்டிலைத் தலையில் சுமந்துவந்த மனைவி காலாட்படை.

அவ்வேளை புழுதி கிளப்பி வந்து நின்றது இன்னொரு கேரவன். இறங்கியவர் பணி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பின்னாலேயே அவர் மனைவி. முளைகளையும் கயிற்றையும் ஏற இறங்கப் பார்த்த அவரிடம், மார்பை நிமிர்த்தி எல்லைப் பிரகடனம் செய்தான் எம்மான்.

"இந்தா பாருங்கண்ணே. கயித்துக்கு இந்தப் பக்கம் எங்களுது, அந்தப் பக்கம் பூரா உங்களுது. பின்னாடி பேச்சு வரக்கூடாது."

கண்டக்டர் வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"பூரா எங்களுதா தம்பி? நல்லா யோசிச்சுக்குங்க."

"சொன்னா சொன்னதுதான்."

"அப்ப சரி" என்றவர், மரத்துக்குக் கிழக்கே கொளுத்தும் வெயிலில் பாயை விரித்து, ஈரத்துண்டைத் தலையில் போட்டு அமர்ந்தார். வெற்றிப் பெருமிதத்தில் தலைவன் மனைவியின் காதில், "பாவம், வயசானவரு" என்று சொன்னது கரை முழுக்கக் கேட்டது.

கரைக்கு வந்த மற்றோர் படகு வலித்தனர், பந்தடித்தனர், நீரில் எருமைகளாய் ஊறினர். எம் தலைவன் மட்டும் பாதம் நனைக்கவில்லை. கோட்டையைத் தனியே விட்டுக் குளிக்கப் போகும் மன்னன் உண்டோ? ஆனால் அந்தோ, பகலவன் என்னும் பகைவேந்தன் கதிர்வேல் கோடி ஏந்தி உச்சி நோக்கி ஏற ஏற, தோற்ற சேனை பாசறைக்குத் திரும்புவதுபோல் நிழல் முளை முளையாகப் பின்வாங்கியது. பத்தரைக்கு ஆறு முளை வெயிலில். பன்னிரண்டுக்குப் பதினொன்று. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த இரண்டு மணிக்கு, பதினான்கு முளையும் நீலக் கயிறும் நடுவே நர்ஸின் கட்டிலும் அப்பளமாய்ப் பொரிய, கயிற்றுக்கு அப்பால் கண்டக்டரின் பாயில் தண்ணென்று கவிந்திருந்தது நிழல்.

முப்பத்தொரு ஆண்டுகளாக, பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவரும் "எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்?" என்று கேட்கக் கேட்கப் பதில் சொல்லிச் சொல்லியே தேறியவர் அவர். நம்மவனோ நகராத நிலத்தையே அளந்து பழகியவன்.

"ஏங்க, நிழல் எங்க?"

"இரும்மா. நிழல்தானே, எங்க போயிடப் போகுது. திரும்ப வரும்."

"வரும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரும்."

அப்போது, "ஏம்மா, அங்க கிடந்து ஏன் காயுற? இந்தப் பக்கம் வந்து படு" என்று கண்டக்டர் மனைவி கை காட்ட, நர்ஸ் தலையணையை இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அது அவங்க பக்கம்மா. நானே வாயால சொல்லிட்டேன்" என்று தழுதழுத்தான் தலைவன்.

"நீங்க உங்க பக்கத்தை நல்லாப் பாத்துக்குங்க" என்று கயிற்றைத் தாண்டினாள்.

இந்தப் பக்கம் இருபத்தாறு ஆண்டு மானம், அந்தப் பக்கம் கொடுத்த வாக்கு என இரண்டுக்கும் இடையே நெற்றி வியர்வை நிலத்தில் சொட்டச் சிலையென நின்ற எம்மான், "தம்பி, கட்டிலுக்கு ஒரு கை புடிங்க" என்ற மாற்றானின் குரல் கேட்டு, பல்லைக் கடித்து, கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி, தான் வகுத்த எல்லையைத் தானே மிதித்துக் கடந்து, பகைப்புலத்தின் நட்டநடுவே அதை இறக்கி, இலையிடுக்கின் வழியே அவள் இமைமேல் வந்து குத்திய கடைசிக் கதிர்வேலைத் தன் அகன்ற முதுகால் தாங்கி, தூணினும் திண்ணியனாய் நின்றான்.

அவள் நாலரை மணி வரைக்கும் தூங்கினாள்.