இரவல் மூச்சு

“ஊதுங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்!”

கலியாணசுந்தரம் கண் பிதுங்க ஊதினார். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்திருந்த உருளை இரண்டு விரற்கடை எழும்பியது, உடனே இறங்கிவிட்டது.

“காய்ச்சல் போயிருச்சு. நுரையீரல்தான் இன்னும் தேறலை. ஒரு மாசம் வீட்ல இருங்க,” என்றார் டாக்டர்.

ஊரையே படுக்கப்போட்ட ஃபுளு காய்ச்சல் அவருக்கு நெஞ்சுக்குள் இறங்கி, ஏற்கெனவே ஆறு வாரம் தின்றிருந்தது. ரப்பர் ஆலையில் கணக்கெழுதும் கிராணியான அவருடைய நாற்காலியில் சேதுராமன் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தான். தற்காலிகமாக வந்தவன் வீட்டிலிருந்து மெத்தை கொண்டுவந்து போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்து புலம்பியவரிடம் மனைவி கமலவேணி சொன்னாள்:

“திங்கக்கிழமை வேற டாக்டராம். உங்க மூஞ்சி அவருக்குத் தெரியாது. உங்க பேர்ல என் தம்பியை அனுப்புவோம்.”

தம்பி தியாகு புக்கிட் பாரு என்ற இடத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுபவன். அவன் தும்மினால் பக்கத்து வீட்டில் குழந்தை அழும்.

“மாமா, ஒரே ஊது! தண்ணியெல்லாம் டாக்டர் சட்டையில!” என்று, வேலைக்குத் திரும்பலாம் என்ற டாக்டர் கடிதத்தோடு வந்தான் தியாகு.

மறுநாள் மேனேஜர் ஜெயபாலன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“‘இப்படியொரு நுரையீரலை நான் பார்த்ததே இல்லை’ன்னு எழுதியிருக்காரே! கிராணி, இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க? நாளன்னைக்கு மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலம். நம்ம ஆலை பேண்டுல பெரிய ஊதுகுழலுக்கு ஆள் இல்ல.”

“ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாது.”

“வாசிக்க வேணாம். ‘பொம்’னு ஊதினாப் போதும். மூச்சுதான் முக்கியம்.”

“சளி இன்னும்...”

“அப்ப இந்தக் கடிதம் பொய்யா?”

வீட்டுக்கு வந்ததும் கலியாணசுந்தரம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“தியாகுவுக்கு உங்க சட்டையைப் போட்டு அனுப்பலாமா?” என்றாள் கமலவேணி.

“மேனேஜருக்கு என் மூஞ்சி தெரியும்டி!”

“பேண்டுல எத்தனை பேர் ஊதுறாங்க?”

“பன்னெண்டு.”

“பதினொரு பேர் ஊதட்டும். நீங்க கன்னத்தை மட்டும் உப்பிக்கிட்டு நில்லுங்க. யாருக்குத் தெரியும்?”

ஆறு வாரத்தில் முதல்முறையாக அவருக்கு நன்றாக மூச்சு வந்தது. ஒத்திகைகூட வேண்டாம் என்று பேண்டு மாஸ்டர் மருதமுத்துவே சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை உப்பிப் பழகினார். நெற்றி நரம்பு புடைக்கும் அளவுக்குத் தேர்ச்சி.

மெர்டேக்கா நாள் காலை. சாலையின் இரு பக்கமும் சனம். முன் வரிசையில் மாலையோடு ஜெயபாலன். அவருக்குப் பின்னால், பக்கத்து வீட்டாரையெல்லாம் திரட்டிக்கொண்டு கமலவேணி. மலைப்பாம்பு போலத் தோளைச் சுற்றிக் கிடந்த பித்தளைக் குழலைக் கலியாணசுந்தரம் வாயில் வைத்துக்கொண்டார்.

மருதமுத்து கோலை உயர்த்தி, வீசி இறக்கினார்.

கலியாணசுந்தரம் கன்னத்தை உப்பினார். நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. பிரமாதம்!

ஆனால் சத்தம் எங்கே?

முரசு மட்டும் தனியாக ‘டம்’ என்றது. பக்கவாட்டில் பார்த்தார். பதினொரு பேரின் கன்னங்களும் பூசணிக்காயாக உப்பியிருந்தன. ஒரு குழலிலிருந்தும் ‘கீச்’ என்றுகூட வரவில்லை.

பக்கத்தில் கிளாரினெட் பிடித்திருந்த தேவதாஸ் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் கெஞ்சினான்:

“ஊதுங்கண்ணே, ஊதுங்க! எங்க எல்லாருக்கும் போன மாசம் அதே காய்ச்சல். உங்க நுரையீரலை நம்பித்தான் நாங்க கன்னத்தை மட்டும் உப்பிக்கிட்டு நிக்கிறோம்!”