பத்து நிமிடம்

நான்கு நாள் எந்தக் கடிகாரத்தையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கடிகாரக்காரர் பஸ் ஏறினார். தொட்டால் கடைச் சாவி மகள் கைக்குப் போய்விடும். தொடாமலிருந்தால் கடை அவருடையது; அதற்குப் பிறகு கண் டாக்டர் தொழிலை விடச் சொன்னதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

"நாலு நாளா! நாப்பது நாள் இருந்து காட்டறேன்," என்றார்.

"நாலு போதும்," என்று மனைவி அவருடைய கைக்கடிகாரத்தையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கடலோரத்தில் அந்த ஒரே ஒரு விடுதி. சீசன் முடிந்துவிட்டதால் வேறு யாரும் தங்கியிருக்கவில்லை. விடுதிக்காரர் பெருத்த உடம்பும் சின்னக் குரலுமாக இருந்தார்.

"சமையலறை மட்டும் என்னோடது சார். மத்ததெல்லாம் அவங்க ராஜ்யம்."

விடுதிக்காரம்மா அறையைத் திறந்துவிட்டாள். ஜன்னலைக் காட்டினாள். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் தொங்கிய பெண்டுலக் கடிகாரத்தையும் காட்டினாள்.

"கிளம்பற அன்னைக்கு அது பத்து அடிச்சதும் நடக்க ஆரம்பிங்க. பஸ் கிடைச்சிடும். இதுவரைக்கும் இங்க தங்கினவங்க ஒருத்தர்கூட பஸ்ஸை விட்டதில்லே."

கடிகாரக்காரர் அண்ணாந்து பார்த்தார். நல்ல கடிகாரம். அன்று மாலை சமையலறை ரேடியோவில் ஏழு மணிச் செய்தி தொடங்கியபோது அதில் ஏழு பத்து.

அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன் சார், குழம்பு சரியில்லையா?"

"குழம்பு நல்லாத்தான் இருக்கு. கடிகாரம்தான் பத்து நிமிஷம் முந்தி ஓடுது."

"அது அவங்க ராஜ்யம் சார்," என்று விடுதிக்காரர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இரண்டு நாள் தாங்கினார். கடலைப் பார்த்தார். கடல் தன் பாட்டுக்கு வந்து போயிற்று. ஒவ்வொரு முறை கடிகாரம் அடித்தபோதும் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியோ விடுதிக்காரம்மாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். "அக்கா", "தங்கச்சி" என்று இருவரும் காலையில் மீன் வாங்கப் போனால் வருவதற்கு ஒரு மணி நேரமாகும்.

மூன்றாம் நாள் காலை அவர்கள் போனதும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

முள்ளைப் பின்னால் தள்ளக் கூடாது; மணி அடிக்கிற கடிகாரம் அதில் கெட்டுவிடும். எட்டு அடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு இரண்டு விரலால் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினார். ரேடியோ எட்டு மணி சொல்லும் வரை அப்படியே நின்றார். முள்ளின் நுனி அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. ஆனாலும் விட்டபோது கடிகாரம் சரியான நேரத்தில் நடக்கத் தொடங்கியது. இறங்கி, முக்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

அன்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நான்காம் நாள் கடிகாரம் பத்து அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணற்பாதையில் பத்து நிமிடம் நடந்தார்கள். நிறுத்தத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பஸ் போய்ப் பத்து நிமிடமாயிற்று என்றான் பெட்டிக்கடைக்காரன். இனி நாளைக்குத்தான்.

திரும்பி வந்தபோது விடுதிக்காரம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"பஸ் பத்து மணிக்கு அண்ணே. இங்கிருந்து பத்து நிமிஷ நடை. வர்றவங்க ஆடி அசைஞ்சு கிளம்புவாங்கன்னு நான்தான் கடிகாரத்தை முன்னால வெச்சிருந்தேன். யாரோ சரி பண்ணிட்டாங்க."

மனைவி உள்ளங்கையை நீட்டினாள்.

"நீ பார்த்தியா?" என்றார் மெல்ல.

"மணல்ல நின்னு வாசல் வழியா ரெண்டு பேரும் பார்த்தோம். பத்து நிமிஷம் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட என் பக்கத்துல அவ்வளவு நேரம் நிக்கலே."

"கடிகாரம் முன்னால வெச்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னைக்கே அக்கா சொல்லிட்டாங்க."

"அப்போ நேத்தே என்னைக் கேட்டிருக்கலாமே! பஸ்ஸை எதுக்கு விடணும்?"

"பார்த்தேன்னு சொன்னா, தூசி தட்டினேன்னு சொல்வீங்க. போன பஸ்ஸை என்னன்னு சொல்வீங்க?"

அவர் யோசித்தார். உண்மையில் தூசி என்றுதான் சொல்லியிருப்பார்.

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் உடனே விரலை மூடவில்லை. சாவியோடு சேர்த்து அவர் கையையும் பற்றிக்கொண்ட பிறகுதான் மூடினாள்.

"ஒரு நாள் கூடத் தங்கணும்னா இவங்களுக்கும் சிரமம்," என்றார் கடிகாரக்காரர், மிச்சமிருந்த கௌரவத்தோடு. "திடீர்னு சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க?"

விடுதிக்காரர் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் சிரமமில்லே சார். காலையிலேயே நாலு பேருக்குத்தான் உலை வெச்சேன்."