இடுப்பில் கட்டிய காந்தம்

செந்தூர்பாண்டியின் வேண்டுதலுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே அவருடைய குதிகால்கள்தாம் குறுக்கே நின்றன. மகள் அனுசியா பிரசவத்தில் உயிருக்குப் போராடிய நாளில், தாயும் பிள்ளையும் பிழைத்தால் தூத்துக்குடியிலிருந்து முருகன் சன்னதி வரை வெறுங்காலுடன் நடந்து வருவதாக அவர் நேர்ந்துகொண்டார். இருவரும் பிழைத்தனர். துறைமுகத்தில் நின்றபடியே முப்பது ஆண்டுகள் சரக்கு மூட்டைகளை எண்ணிய கால்களோ, இப்போது தரையில் பதிய மறுத்தன.

மில்லர்புரத்துப் பொருட்காட்சியில், ஷூவுக்குள் விரிக்கும் காந்த அட்டை ஒரு ஜோடி வாங்கினார். ரத்தத்திலுள்ள இரும்பை அது இழுத்து ஓடவிடும் என்று விற்றவர் உறுதி கூறியிருந்தார். இரண்டே நாளில் வலி பாதியாயிற்று என்று வீட்டில் அறிவித்தார்.

பாதயாத்திரைக் குழுவின் தலைவர் சிவனாண்டி ஒழுங்கில் கடுமையானவர்.

"ஷூ போட்டுக்கிட்டு நடந்தா அது பாதயாத்திரை இல்ல பாண்டி, வாக்கிங்கு."

அட்டைகளை உள்ளங்காலில் துணியால் கட்டிக்கொண்டு தெருவில் ஒத்திகை பார்த்தார். முடிச்சு அவிழ்ந்து விழுந்ததில் முழங்காலும் வலிக்கத் தொடங்கியது.

"துணி சுத்துனாலும் அது செருப்புதான்," என்றார் சிவனாண்டி, அவரைத் தூக்கிவிட்டபடியே.

பிறகு அவற்றைக் கணுக்காலுக்கு மேலே, பேண்டுக்குள் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். துறைமுக வாசலில் காவலரின் உலோகச் சோதனைக் கருவி கூவியது. பேண்டைச் சுருட்டிக் காட்டியபடி வெயிலில் நின்ற அரைமணி நேரத்தில் வலி இரட்டித்தது.

புறப்படுவதற்கு முந்தைய மாலை, அட்டைகளை மனைவி சீனித்தாயிடம் நீட்டினார்.

"ஏளா, இத ஒரு பச்சைத் துணியில வச்சுத் தைச்சுக் குடு. இடுப்புல கட்டிக்கிடுதேன்."

"குதிகால் வலிக்கு இடுப்புலயா?"

"ரத்தம் எல்லா எடத்துக்கும் தான போகுது."

சீனித்தாய் ஊசியும் நூலும் எடுத்தார். விடியலில் கச்சை தயாராக இருந்தது.

முக்காணிப் பாலத்தில் குதிகால் சுளீரென்றது. செந்தூர்பாண்டி கச்சையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேத்தியின் முகத்தை நினைத்தார். வலி மெல்ல இறங்கியது. ஆறுமுகநேரியில் சிவனாண்டியே நொண்டி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் இதக் கட்டிப் பாருங்க."

"உள்ள தோல் கீல் ஒண்ணும் இல்லையே?"

"வெறும் காந்தம் அண்ணாச்சி."

சிவனாண்டி அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு கட்டினார். பத்து நிமிடத்தில் எழுந்து நடந்தார்.

"இரும்ப இழுக்குது பாண்டி, நல்லாத் தெரியுது," என்றார். சன்னதி வரை அதை அவர் கழற்றவேயில்லை.

தரிசனம் முடிந்து இருவரும் கடலோரம் அமர்ந்தனர். செந்தூர்பாண்டி வீட்டுக்குப் பேசினார். சிவனாண்டியும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சீனி, வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சிட்டு. அந்தக் காந்தம் மட்டும் இல்லேன்னா நாங்க ரெண்டு பேருமே வந்து சேந்திருக்க மாட்டோம்."

"அது இங்கன பீரோவுலலா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஊசிய இழுத்துப் புடிச்சுக்கிட்டுத் தைக்கவே விடல. நீங்க சங்கடப்படக் கூடாதேன்னு உங்க பழைய ரப்பர் செருப்ப அளவா அறுத்து உள்ள வச்சேன், கழுவிட்டுத்தான் வச்சேன்."